கசிவின் உரிமையாளர்

இந்த நாட்டின் கடலில் யார் எதைக் கொட்டினாலும் அதைக் கவனித்துக்கொள்ள ஓர் அதிகாரசபை இருக்கிறது. கடற்கசிவு முன்னாயத்த மற்றும் பின்கவனிப்பு அதிகாரசபை என்பது அதன் முழுப்பெயர். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கொட்டியது கரைக்கு வந்துவிடும் என்று மன்னார்த் தீவின் தென்கரையில் உள்ள கீரிமுனைச் சனங்கள் நக்கலடிப்பார்கள். சனங்களுக்கு நன்றியே கிடையாது. சண்டை முடிந்து, எண்ணெய் தேடும் கப்பல் ஒன்று மன்னார்க் கடலில் வந்து நின்ற பிறகு, பட்டினத்தில் அதிகாரசபைக்கென்று மாடிக் கட்டடமும் குளிரூட்டிய அறைகளும் கட்டியது யாருக்காக? இவர்களுக்காகத்தானே.

கொன்ஸ்ரன்ரைன் மட்டும் அப்படி நக்கலடித்ததில்லை. அவர் கரைவலைச் சம்மாட்டி, அதாவது கரையில் நின்று இழுக்கிற வலைக்குச் சொந்தக்காரர். ஒரு வலை, ஒரு வள்ளம், வலையை இழுக்க ஒரு பழைய உழவு இயந்திரம், கூடநின்று பாடுபடச் சொந்தக்காரரும் அயலவருமாகக் கொஞ்சப் பேர். இவ்வளவுதான் அவருடைய ராச்சியம். அதிகாரிகளைக் கண்டால் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டு எழுந்து நிற்கிற மனிதர். அந்த நல்ல பழக்கம்தான் அவரைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

கரைவலை நினைத்த நேரத்தில் நினைத்தவர் போடுகிற வலை அல்ல. கீரிமுனையில் கரை ஒன்று, வலைகள் பல. ஆகவே முறை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சம்மாட்டிக்கும் ஒரு கிழமை, திங்கள் முதல் ஞாயிறு வரை. அந்தக் கிழமை முழுவதும் கரை அவருடையது. வலையில் வருகிற மீன் மட்டுமல்ல, அலை தன் பாட்டுக்குக் கொண்டுவந்து ஒதுக்குகிற எதுவும் அந்த முறைகாரருக்கே சொந்தம். இதை யாரும் எழுதிவைத்ததும் இல்லை, மீறியதும் இல்லை. கொன்ஸ்ரன்ரைனின் தகப்பனுடைய முறையில் ஒதுங்கிய தேக்குமரத்தில் செய்த வாங்கில்தான் இன்றைக்கும் அந்தோனியார் கோயிலில் பாடகர்கள் உட்கார்ந்து பாடுகிறார்கள். யாகப்பர் சம்மாட்டியின் முறையில் ஒரு குளிர்சாதனப் பெட்டி ஒதுங்கியது. அதில் அவர் கோழி அடைக்கிறார்.

அந்தப் பங்குனியில் கொன்ஸ்ரன்ரைனின் முறை தொடங்கிய காலையில் கரையில் கிடந்தவை நீலப் பீப்பாய்கள். நல்ல தடித்த பிளாஸ்ரிக், இறுக்கமான மூடி. கருவாட்டுக்கு உப்புப்போட நீலப் பீப்பாயைப்போல ஒரு சாமான் கிடையாது என்பது அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும்.

"உனக்கு அந்தோனியார் அள்ளிக் குடுத்திட்டார் மச்சான்," என்றார் யாகப்பர். அடுத்த கிழமை அவருடைய முறை. ஒரு கிழமை பிந்தி ஒதுங்கியிருக்கக்கூடாதா என்ற பொருமல் அவர் குரலில் இருந்தது.

ஆனால் ஒரு பீப்பாய் வெடித்திருந்தது. அதிலிருந்து மண்நிறத்தில் கொழகொழவென்று ஏதோ வழிந்து அலையோடு போய்க்கொண்டிருந்தது. அதைச் சுற்றிக் கரைநண்டுகள் மல்லாந்து கிடந்தன. கொன்ஸ்ரன்ரைன் அந்தப் பீப்பாயை உருட்டிப் பார்த்தார். உள்ளங்கை மிளகாய் அரைத்ததுபோல எரியத் தொடங்கியது. வீட்டுக்கு ஓடிப்போய்க் கையைத் தண்ணீருக்குள் விட்டார்.

"உந்தப் பீப்பாயிலை நீங்கள் கருவாடு போட்டால் நான் அம்மான் வீட்டை போயிடுவன்," என்றாள் மனைவி றோஸ்மேரி. "வலையை இறக்கவும் வேண்டாம். உது நஞ்சோ இல்லையோ எண்டு முதல் கேளுங்கோ. அதுக்கெண்டு ஒரு கந்தோர் கட்டி வைச்சிருக்கிறாங்கள்தானே?"

இந்த ஒரே ஒரு கேள்வியுடன்தான் கொன்ஸ்ரன்ரைன் தொலைபேசியை எடுத்தார். அது கீரிமீன் கரைக்கு வரும் கிழமை. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்றுப் பெயர்ந்துவிட்டால் வலையைச் சுருட்டிக் கரைக் குடிசையான வாடிக்குள் வைக்கவேண்டியதுதான். இந்த முறை தப்பினால் அவரை நம்பியிருக்கிற குடும்பங்களுக்கு ஐப்பசி வரைக்கும் வேறு வழியில்லை.

அதிகாரசபையில் ஒரு பெண்குரல் அன்பாக விசாரித்தது.

"என்ன வகைக் கசிவு ஐயா? எண்ணெய் எண்டால் ஒரு பிரிவு, இரசாயனம் எண்டால் வேறை பிரிவு."

"அது தெரியாமல்தான் பிள்ளை உங்களைக் கேக்கிறன்."

"தெரியாத கசிவுக்கு எங்களிட்டைப் பிரிவு இல்லை ஐயா. நீங்கள் அறிஞ்சுகொண்டு எடுங்கோ."

ஆனாலும் அடுத்த நாள் காலை இரண்டு வாகனங்களில் அதிகாரசபை வந்து இறங்கியது. பிராந்தியப் பணிப்பாளர் செல்வநாயகம் நேரிலே வந்திருந்தார். உயரமான மனிதர், தோய்த்து இஸ்திரி போட்ட வெள்ளைக் காற்சட்டை. கூடவே உதவிப் பணிப்பாளர் எடித், கையில் ஒரு சின்னப் போத்தலுடன். பணிப்பாளர் பீப்பாய்களிலிருந்து நல்ல தூரத்தில் நின்றுகொண்டு, "இது ஆருடைய சொத்து?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் கொன்ஸ்ரன்ரைன் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். ஆனால் அவருக்கு அது மரியாதையாகப் படவில்லை. அவருடைய முறையில் ஒதுங்கியதை வேறு யாருடையதோ என்று சொல்வது கீரிமுனையில் பொய்க்குச் சமம்.

"என்ர முறையிலை ஒதுங்கினது சேர்," என்றார். "அப்ப என்ரைதான்."

பணிப்பாளரின் கண்கள் கலங்கின. அவர் நடந்து வந்து கொன்ஸ்ரன்ரைனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எரிகிற கை. கொன்ஸ்ரன்ரைன் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"எடித், கேட்டீரோ? உரிமையாளர்!"

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். அதிகாரசபையின் சட்டப்படி, உரிமையாளர் இல்லாத கசிவு கசிவே அல்ல. அது மழையைப்போல, புயலைப்போல ஓர் இயற்கை நிகழ்வு. இயற்கை நிகழ்வு வேறு திணைக்களம். இதுவரைக்கும் எந்தக் கசிவுக்கும் யாரும் உரிமை கோரவில்லை. அதனால்தான் அதிகாரசபைக்கு இன்னும் ஒரு கசிவுகூட வாய்க்கவில்லை.

"அது சரி சேர். உது நஞ்சோ?" என்றார் கொன்ஸ்ரன்ரைன்.

"அவசரப்படாதேங்கோ. முதலில் அங்குரார்ப்பணம்."

தொடக்க விழாவுக்காக அன்று பின்னேரமே கரையில் கூடாரம் எழும்பியது. பிளாஸ்ரிக் கதிரைகளுக்கு வெள்ளை உறை போட்டார்கள். ஒலிபெருக்கி கட்டினார்கள். பாதுகாப்பு அலுவலர் ஒருவர், பீப்பாயில் உள்ளது தீப்பற்றக்கூடும், யாரும் பீடி பற்றவைக்க வேண்டாம் என்று அறிவித்தார். அதன் பின் பீப்பாய்களுக்கு முன்னால் ஆளுயரக் குத்துவிளக்கை வைத்து ஐந்து திரியையும் ஏற்றினார்கள். கடற்காற்று ஒவ்வொன்றாக அணைத்தது. கடற்காற்றின் அந்த உதவியைப் பணிப்பாளர் தம் உரையில் குறிப்பிட மறந்துவிட்டார். மற்றதெல்லாம் சொன்னார்.

"அன்பார்ந்த கீரிமுனை மக்களே! எமது அதிகாரசபை தோன்றிய நாள் முதல் இன்றுவரை இந்நாட்டில் ஒரு கசிவுகூடப் பதிவாகவில்லை என்பதைப் பெருமையுடன் அறியத்தருகிறேன். ஏனைய நாடுகள் கசிவைத் தடுக்க முயன்று தோல்வி கண்டன. நாம் பதிவைத் தடுத்தோம். வெற்றி கண்டோம். ஆயினும் கசிவே இல்லாத நாட்டில் உங்களுக்கு எதற்குக் கட்டடம் என்று மேலிடத்தில் சிலர் கேட்கத் தொடங்கியிருந்த சோதனையான வேளையில், திரு. கொன்ஸ்ரன்ரைன் அவர்கள் தம்முடைய கசிவுடன் முன்வந்தார். கடல் எங்கள் எல்லோருக்கும் சொந்தம். கசிவு அவருக்குச் சொந்தம். அவருக்கு ஒரு கரகோஷம்!"

சனங்கள் கைதட்டினார்கள். ஏன் என்று தெரியாமல் கொன்ஸ்ரன்ரைனும் தட்டினார்.

பிறகு மஞ்சள் நாடா கட்டினார்கள். பீப்பாய்களைச் சுற்றித் தொடங்கிய நாடா, அளவுக்கு அதிகமாக இருந்தபடியால், வாடியையும் வள்ளத்தையும் வலையையும் உழவு இயந்திரத்தையும் சுற்றி முடிந்தது. நாடாவுக்குள் உரிமையாளரைத் தவிர வேறு யாரும் போகக்கூடாது. பயிற்சி பெறாத உரிமையாளரும் போகக்கூடாது. அலைக்கும் பீப்பாயில் வழிந்ததற்கும் நாடா கட்டவில்லை. அவை தாராளமாகப் போய்வந்தன.

"கடலுக்குள்ளை போறதை மறிக்க ஒண்டும் இல்லையோ சேர்?" என்று யாகப்பர் கேட்டார்.

இருந்தது. கடலில் மிதக்கவிட்டு எண்ணெயை மறிக்கிற செம்மஞ்சள் தடுப்பு ஒன்று அதிகாரசபையிடம் இருந்தது. பாம்புபோல நீளமான, வெளிநாட்டுச் சாமான். அதையும் கொண்டுவந்து மணலில் விரித்துக் காட்டினார்கள். எல்லோரும் அதன்முன் நின்று படம் பிடித்தார்கள். பிறகு பத்திரமாகச் சுருட்டி வாகனத்தில் ஏற்றிவிட்டார்கள். உப்புத்தண்ணீர் பட்டால் அது பழுதாகிவிடுமாம்.

எடித் அலுவலர் மட்டும் கூடாரத்துக்குப் பின்னால் போய்த் தன் சின்னப் போத்தலில் கடல்நீர் எடுத்துக்கொண்டு வந்தார். கொன்ஸ்ரன்ரைன் அவரிடம் மெல்லக் கேட்டார்.

"நஞ்சோ பிள்ளை?"

"கொழும்புக்கு அனுப்பிப் பார்க்கவேணும் ஐயா," என்றார் எடித், முகத்தைப் பார்க்காமல்.

போத்தல் கொழும்புக்குப் போனது. வழியில் மதவாச்சிக்குக் கிட்ட வாகனத்திலேயே கசிந்துவிட்டது என்று பிறகு தெரியவந்தது. அந்தக் கசிவுக்கு உரிமையாளர் இல்லை என்பதால் அது பதியப்படவில்லை.

மறுநாள் எண்ணெய்க் கப்பல் கம்பனியிலிருந்து ஒருவர் வந்தார். வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி, அருமையான தமிழ். அவர் நேரே கொன்ஸ்ரன்ரைனிடம் வந்து, தொழில்செய்கிற ஒருவர் இன்னொரு தொழில்காரரைப் பார்ப்பதுபோல அனுதாபத்துடன் பார்த்தார்.

"இப்பிடியான நேரத்திலை எவ்வளவு மனஉளைச்சலா இருக்கும் எண்டு எங்களுக்குத் தெரியும்," என்றார்.

"ஐயா, உது உங்கட கப்பலிலை இருந்து விழுந்ததெண்டு சனம் சொல்லுது."

"கப்பலிலை இருக்கிறதெல்லாம் எங்கட. அதை நாங்கள் ஒருநாளும் மறுக்கேல்லை. இது கப்பலிலையோ இருக்குது? கரையிலை எல்லோ இருக்குது. கப்பலிலை இல்லாத சாமான் எப்பிடிக் கப்பற் சாமானாகும்?"

கொன்ஸ்ரன்ரைன் யோசித்துப் பார்த்தார். பிழை எங்கே இருக்கிறது என்று தெரிந்தது, ஆனால் கையில் அகப்படவில்லை.

"நீங்கள் ஒரு நல்ல சட்டத்தரணியைப் பாருங்கோ," என்று சொல்லிவிட்டு, கம்பனிக்காரர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்.

அதற்கு அடுத்த நாள் பயிற்சி. பட்டினத்தில் ஒரு ஹோட்டலில், 'கடற்றொழில் முயற்சியாளர்களும் பொறுப்புமிக்க கசிவும்' என்ற தலைப்பில் ஒரு முழுநாள் கருத்தரங்கு. கொன்ஸ்ரன்ரைனுக்கு மஞ்சள் தலைக்கவசமும் ஒளிருகிற மேற்சட்டையும் போட்டு மேடையில் இருத்தினார்கள். கையுறையும் கேட்டார். கையுறை திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வருமாம். கொழும்பிலிருந்து வந்திருந்த நிபுணர் ஒருவர் திரையைப் பார்த்தபடியே கேள்வி கேட்டார்.

"உங்கள் செயற்பாட்டின் ஆழம் எவ்வளவு?"

"ஆறு பாகத்துக்குக் கிட்ட வரும் சேர். ஆழம் கூடினால் வலை நிலத்திலை முட்டாது."

"ஆழங்குறைந்த துறை," என்று நிபுணர் தலையாட்டினார். "கருவி?"

"வலை இழுக்கிற உழவு இயந்திரம். ஒரு ரயர் கொஞ்சம் தேய்ஞ்சுபோச்சு."

"சுற்றியுள்ள சமூகத்துடன் உறவு எப்படி?"

"எல்லாரும் சொந்தக்காரர் சேர். யாகப்பர் மட்டும் தூரத்துச் சொந்தம்."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. சமூகத்துடன் இவ்வளவு நெருக்கமான கசிவு உலகில் வேறெங்கும் இல்லை என்று நிபுணர் அறிவித்தார். சாப்பாட்டு நேரத்தில் கொன்ஸ்ரன்ரைன் பணிப்பாளரைத் தேடிப் பிடித்தார்.

"சேர், என்ர முறை முடியப்போகுது. நஞ்சில்லை எண்டால் சொல்லுங்கோ, நான் வலையை இறக்குறன். நஞ்செண்டால் சொல்லுங்கோ, சனத்தைத் தண்ணிக்குள்ளை விடாமல் மறிக்கிறன். ரெண்டிலை ஒண்டைச் சொன்னால் போதும்."

"கொன்ஸ்ரன்ரைன்," என்று பணிப்பாளர் அவர் தோளில் கைவைத்தார், "நீங்கள் உரிமையாளர். நஞ்செண்டு நான் சொன்னால் உங்கட பேர் கெட்டுப்போகும். உங்கட நன்மைக்காகத்தான் நான் வாய் திறக்காமல் இருக்கிறன்."

அவர் ஊருக்குத் திரும்பியபோது கடற்பறவைகள் கரையோரமாகக் கூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தன. தண்ணீர் கறுத்துத் திரண்டு வந்தது. கீரிமீன். ஒரு வருசம் காத்திருந்த கூட்டம், வலையை இறக்கினால் மீன் சேரும் மடி கிழியும். கூட்டாளிகள் எல்லோரும் மஞ்சள் நாடாவுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கொன்ஸ்ரன்ரைனிடம் இப்போது பயிற்சி இருந்தது. ஆனால் பயிற்சிச் சான்றிதழ் தபாலில் வரவேண்டியிருந்தது. அவர் தலைக்கவசத்துடன் மணலில் குந்தியிருந்து அந்த மீன்கூட்டம் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை வந்தது. அழுதார். அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் இன்னொரு பீப்பாயும் வெடித்தது. சில மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கரையில் ஒதுங்கின. அவையும் முறைப்படி அவருடையவைதான்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் சம்மாட்டிமார் கோயில் மண்டபத்தில் கூடினார்கள். நாளைக்கு யாகப்பரின் முறை தொடங்கவேண்டும். யாகப்பர் எழுந்து நின்றார்.

"எனக்கு இந்த முறை வேண்டாம். நான் எடுத்தால் திங்கட்கிழமை விடியக் கசிவு எனக்குச் சொந்தம். எனக்குத் தலைக்கவசம் போட்டு மேடையிலை ஏத்துவாங்கள். எனக்குப் பிரஷர் இருக்குது."

மற்றவர்களும் குனிந்துகொண்டார்கள். முறைக்காகக் கத்தி எடுத்துச் சண்டை பிடித்த ஊரில், முறையை எடுக்க ஆளில்லை. கொன்ஸ்ரன்ரைனுக்கு அது பீப்பாயைவிடப் பயமாக இருந்தது. கடலை வேண்டாம் என்று சொல்கிற கீரிமுனையை அவர் கண்டதில்லை.

கடைசியில் றோஸ்மேரிதான் பெண்கள் பக்கத்திலிருந்து வாயைத் திறந்தாள்.

"வருசா வருசம் திருவிழாவுக்கு அந்தோனியாருக்கு எண்டு ஒரு முறை குடுக்கிறியள்தானே? இந்த முறையைப் பணிப்பாளருக்குக் குடுங்கோவன். அந்தாள் மாலை எண்டால் கழுத்தை நீட்டும்."

யாகப்பர் சிரிக்கத் தொடங்கினார்.

'கீரிமுனைக் கரைவலையின் கௌரவச் சம்மாட்டி' என்ற பட்டத்தைப் பணிப்பாளர் அன்றே ஏற்றுக்கொண்டார். எதற்காக என்று அவர் கேட்கவில்லை. பட்டம் தருகிறவர்களிடம் காரணம் கேட்கிற வழக்கம் அதிகாரசபையில் இல்லை. திங்கட்கிழமை காலை பாண்டு வாத்தியத்துடன் வந்தார். தவக்காலத்தில் பாண்டு வேண்டாமே என்று சுவாமியார் சொன்னதை அவர் கேட்கவில்லை. மாலை போட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். மஞ்சள் நாடாவை அவரே கத்தரித்துவிட்டு, வலைக்கயிற்றைப் பிடித்து இழுப்பதுபோலப் படத்துக்கு நின்றார்.

"இன்று முதல் இந்தக் கரை என்னுடையது!" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார்.

எடித் அலுவலர் கிட்டப் போய் அவர் காதில் ஏதோ சொன்னார். பணிப்பாளர் பீப்பாய்களைத் திரும்பிப் பார்த்தார். ஒருதரம் கொன்ஸ்ரன்ரைனைப் பார்த்தார். பிறகு மாலையைக் கழற்றினார்.

மத்தியானத்துக்கு முன் லொறி வந்தது. முகமூடியும் முழங்கை வரை கையுறையும் போட்ட ஆட்கள் இறங்கினார்கள். இரண்டாம் கட்டம் என்று சொன்ன கையுறை அன்றைக்கே கிடைத்துவிட்டது. இந்த நாட்டில் எந்தக் கசிவும் இவ்வளவு வேகமாக அகற்றப்பட்டதில்லை. ஒரு பீப்பாய்கூட மிச்சமில்லை. சனங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

"இனி வலை போடலாமோ சேர்? மீன் தின்னலாமோ?" என்று கொன்ஸ்ரன்ரைன் கேட்டார்.

"என்ர முறை, என்ர கடல். என்ர கடலிலை நஞ்சோ?" என்று பணிப்பாளர் சிரித்தார். "தாராளமாய்ப் பிடியுங்கோ. என்ர பங்கையும் நீங்களே எடுங்கோ. சின்னப்பிள்ளையளுக்கு நல்லாய்க் குடுங்கோ."

சுவாமியாரே எழுந்து கைதட்டினார். அன்று இழுத்த வலையில் மீன் வந்தது. பின்தங்கிய கூட்டமாக இருக்கவேண்டும், பெரிதாக இல்லை, ஆனால் வந்தது. தவக்காலம், ஊரில் யாரும் இறைச்சி தொடுவதில்லை. எல்லா வீட்டிலும் கீரிமீன்தான். அதிகாரிகளுக்கும் வாழையிலை போட்டுக் கூப்பிட்டார்கள். தமக்கு விரதம் என்று சொன்ன அதிகாரிகள், வாகனத்துக்குள் இருந்து பட்டினத்துக் கடையில் கட்டுவித்த கோழிப் பார்சலைப் பிரித்தார்கள். கொன்ஸ்ரன்ரைன் அதைக் கண்டார். கண்டும் அதைப்பற்றி யோசிக்க அவருக்கு மனம் வரவில்லை. அவருடைய ஆட்கள் சிரித்துக்கொண்டு கயிறு இழுத்து எத்தனை நாளாகிவிட்டது!

திங்கள் தொடங்கி ஒவ்வொரு நாளும் பணிப்பாளரின் பெயரால் வலை போட்டார்கள். ஊர் சாப்பிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை காலை, வெள்ளாங்குளத்தைத் தாண்டிக் கலியாணம் செய்துபோன தங்கை திரேசம்மா தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, எங்கட கரையிலை ஒரு லொறி வந்து கொஞ்ச நீலப் பீப்பாயைத் தள்ளிப்போட்டுப் போயிட்டுது. சவுக்குத் தோப்புக்குப் பின்னாலை கிடக்குது. ரெண்டு ஆடு செத்துப்போச்சு. உங்கட பக்கமும் உப்பிடி வந்ததெண்டு கேள்விப்பட்டன். நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

கொன்ஸ்ரன்ரைனுக்கு விளங்கிவிட்டது. வெள்ளாங்குளத்துக்கு அங்காலே வேறு மாவட்டம், வேறு பிராந்தியப் பணிப்பாளர். லொறி எல்லையைத் தேடிப் போயிருக்கிறது. தாங்கள் செய்தது கெட்டித்தனம் என்று ஊரே சிரித்தது. தன் கரையில் கிடந்ததைத் தங்கையின் வாசலில் கொண்டுபோய்த் தள்ளியிருக்கிறார். தள்ளியவர் கையில் கையுறை இருந்தது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

"நான் வாறன்," என்றார்.

மீன் ஏற்றுகிற லொறி ஒன்றைப் பிடித்துக்கொண்டு யாகப்பரும் கூட வந்தார். சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு பீப்பாய்களை ஏற்றினார்கள். பட்டினத்துக்கு வந்து அதிகாரசபை வாசலில் லொறியை நிறுத்தினார்கள். கொன்ஸ்ரன்ரைனின் மஞ்சள் தலைக்கவசத்தையும் ஒளிருகிற மேற்சட்டையையும் கண்டதும் காவலாளி சல்யூட் அடித்துக் கதவைத் திறந்துவிட்டார். பீப்பாய்களைப் பணிப்பாளரின் யன்னலுக்குக் கீழே, குளிரூட்டியின் பெட்டிக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தார்கள். ஒன்றின் மூடி கழன்றது.

முதலில் இருமல் சத்தம் கேட்டது. பிறகு படிகளில் சப்பாத்துச் சத்தம். எழுதுவினைஞர்கள், சாரதிகள், நிபுணர்கள், தேநீர் போடுகிறவர் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். கடைசியாகப் பணிப்பாளர் வந்தார். கழுத்துப் பட்டியை அவிழ்த்து மூக்கில் சுற்றியிருந்தார்.

"ஆர் இதை இஞ்சை கொண்டு வந்தது?" என்று கத்தினார். "தொடாதேங்கோ! ஒருத்தரும் கிட்டப் போகாதேங்கோ! அது நஞ்சு! நஞ்சு, விளங்குதோ? தண்ணியிலை ஒரு துளி பட்டால் போதும், மீனுக்குள்ளை போய், மனிசருக்குள்ளை போய்..."

அவர் நிறுத்தினார். கொன்ஸ்ரன்ரைன் நிற்பதை அப்போதுதான் கண்டார்.

கொன்ஸ்ரன்ரைன் தலைக்கவசத்தைக் கழற்றினார். அந்த ஒரு கேள்விக்காகத்தானே இத்தனை நாளும் அலைந்தார். பதில் கிடைத்துவிட்டது.

"எப்ப தெரியும் சேர்?"

பணிப்பாளருக்குப் பின்னால் நின்ற எடித் அலுவலர்தான் சொன்னார். அழுதுகொண்டு சொன்னார்.

"முதல் நாளே தெரியும் ஐயா. நாங்கள் உங்கட கரைக்கு வெளிக்கிட முதலே கப்பலிலை இருந்து அறிவிச்சவை."

கொன்ஸ்ரன்ரைன் சட்டைப் பையில் இருந்த தொலைபேசியை எடுத்தார். எரிந்து புண்ணான கையால் இலக்கத்தை அழுத்தமுடியவில்லை. யாகப்பர் வாங்கி அழுத்திக் கொடுத்தார்.

"றோஸ்மேரி! அந்தக் கறியை இறக்கு. அயலிலை எல்லாருக்கும் போய்ச் சொல்லு. மீனைத் தொடவேண்டாம் எண்டு சொல்லு. ஓடு!"

"உதென்ன இவ்வளவு பிந்திச் சொல்லுறியள்?" என்றாள் றோஸ்மேரி. பின்னால் பிள்ளைகள் கோப்பை கழுவுகிற சத்தமும் சிரிப்பும் கேட்டன. "இப்பதான் எல்லாரும் சாப்பிட்டு எழும்பினவை. உங்களுக்கும் ரெண்டு துண்டு எடுத்து மூடி வைச்சிருக்கிறன்."